மணிக்கட்டில் வாட்ச் கட்டினால் டென்ஷன் தெரியுமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 140 பேர் வேலை செய்கிறோம். கஸ்டமர் சப்போர்ட், கணக்கு, கிடங்கு என்று மூன்று பிரிவுகள். நான் ஹெச்.ஆர். பொறுப்பில் இருக்கிறேன். கடந்த எட்டு மாதங்களில் சப்போர்ட் பிரிவிலிருந்து மட்டும் ஒன்பது பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். "ஸ்ட்ரெஸ் தாங்க முடியலை" என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம். எங்கள் எம்.டி. இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தரலாம் என்கிறார். அதில் வரும் ஸ்ட்ரெஸ் ஸ்கோர் ஒரு டாஷ்போர்டில் தெரியுமாம். யாருக்குச் சிவப்பு காட்டுகிறதோ அவரைக் கூப்பிட்டுப் பேசலாம், மாதம் ஒரு தியான வகுப்பும் வைக்கலாம் என்பது திட்டம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் எனக்கு ஏதோ உறுத்துகிறது. வேண்டாம் என்று சொல்லவும் என்னிடம் சரியான காரணம் இல்லை. இன்னொரு விஷயம். சப்போர்ட் டீம் லீட் ஒருவர், எப்போதும் கலகலப்பாக இருப்பவர், ஒரு மாதமாக யாரோடும் பேசுவதில்லை. அவர் அனுப்பும் ரிப்போர்ட்டுகளில் தப்பு வருகிறது. கேட்டால், "ஒண்ணுமில்ல மேடம்" என்கிறார். என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வாட்ச் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அது அடுத்த மாதம் வரை காத்திருக்கும். அந்த டீம் லீட் விஷயம் அப்படியில்லை, இந்த வாரமே அவரிடம் பேசுங்கள். கடிதத்தில் அவரை "இன்னொரு விஷயம்" என்று கடைசியில் வைத்திருக்கிறீர்கள். நான் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

"ஒண்ணுமில்ல மேடம்" என்ற பதில் ஏன் வந்தது? நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அனேகமாக "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டிருப்பீர்கள். நாம் எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனால் ஹெச்.ஆர். வாயிலிருந்து வரும்போது, "உன் மேல் ஏதோ புகார் வந்திருக்கிறது" என்பது போல அது காதில் விழும். அதற்கு ஒண்ணுமில்லை என்பதைத் தவிர வேறென்ன பதில் சொல்வார்?

அதனால் கேள்வியில் தொடங்காதீர்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லித் தொடங்குங்கள். "போன மூணு மீட்டிங்லயும் நீங்க வாயே திறக்கல. சாப்பிடவும் தனியாத்தான் போறீங்க. எனக்கு மனசுக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அதான் கூப்பிட்டேன்." இவ்வளவு போதும். "நீங்க ஸ்ட்ரெஸ்ல இருக்கீங்கன்னு நினைக்கிறேன்" என்று முடிவு கட்டிச் சொல்ல வேண்டாம். ரிப்போர்ட்டில் வந்த தப்பை இந்தப் பேச்சில் எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்தால் அடுத்த நிமிடமே அது விசாரணையாக மாறிவிடும். சொல்லி முடித்ததும் பேசாமல் இருங்கள். பத்து நொடி மௌனம் பத்து நிமிடம் போலத் தோன்றும், அதை நிரப்ப நாக்கு துடிக்கும். நிரப்பிவிட்டால் அவர் பேச வந்தது உள்ளேயே போய்விடும்.

இடமும் முக்கியம். கண்ணாடிச் சுவர் வைத்த உங்கள் அறையில் வேண்டாம். அவர் ஹெச்.ஆர். அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்பது மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வெளியே நடந்துகொண்டே பேசுவது பலருக்குச் சுலபமாக இருக்கிறது, முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா.

அவர் பேச ஆரம்பித்தால் மூன்று விதமாகப் போகலாம். முதலாவது, பிரச்சினை வேலையில் இருக்கலாம். ஒன்பது பேர் போன பிரிவுக்கு அவர் டீம் லீட். போனவர்களுடைய வேலையெல்லாம் யார் தலையில் விழுந்தது? எனக்கென்னவோ பாதி பதில் அங்கேதான் இருக்கிறது என்று படுகிறது. அப்படியானால் "தைரியமா இருங்க" என்பதால் பயனில்லை. "இந்த வாரம் உங்க கையிலிருந்து எதை நான் எடுத்துக்கட்டும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஒன்றை நிஜமாகவே எடுத்துவிடுங்கள். இரண்டாவது, வீட்டில் ஏதாவது இருக்கலாம். அதைத் தீர்ப்பது உங்கள் வேலையல்ல. ஷிஃப்ட் மாற்றம், நாலு நாள் லீவ், வேலை நேரத்தில் கொஞ்சம் நெகிழ்வு என்று உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள்.

மூன்றாவது, இது டென்ஷனைத் தாண்டிப் போயிருக்கலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் அனேகமாக எல்லா நாளும் மனம் இருண்டு கிடப்பது, முன்பு பிடித்தது எதிலும் நாட்டமில்லாமல் போவது, தூக்கமும் பசியும் குலைவது, தன்னால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்று பேசுவது, இவையெல்லாம் மருத்துவரிடம் போக வேண்டிய அடையாளங்கள். "இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற தொனியில் ஒரு சொல் விழுந்தாலும் அதைக் கடந்து போகாதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் கிடையாது. கேட்டதும் பலருக்கு நிம்மதிப் பெருமூச்சுதான் வருகிறது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டாரில் அவர் நம்பும் ஒருவரை வரவழைத்து, அன்றைக்கே மருத்துவ உதவிக்கு அழைத்துப் போங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே சத்தியம் செய்ய வேண்டாம் என்பது இதனால்தான். "உங்க உயிருக்கு ஆபத்துன்னு தோணினா மட்டும் உதவி கேட்பேன், மத்தபடி இது நம்மோட இருக்கும்" என்று சொல்லலாம். அதை உங்களால் காப்பாற்ற முடியும்.

நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், இடது கை மரத்துப்போதல் என்று யாராவது சொன்னால் "டென்ஷன்தான், சரியாயிடும்" என்று நீங்களே மருத்துவராகிவிட வேண்டாம். முதலில் இதயம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

இனி வாட்ச்.

உங்களுக்கு உறுத்தியது சரிதான். அந்த உறுத்தலுக்கு ஒரு விஞ்ஞானக் காரணமும் உண்டு. வாட்சின் அடியில் மினுக்கும் பச்சை ஒளி தோலுக்குக் கீழே ரத்தம் பாய்வதைப் பார்க்கிறது. இரண்டு துடிப்புகளுக்கு இடையேயான நேரம் எவ்வளவு மாறி மாறி வருகிறது என்று கணக்குப் போடுகிறது. ஓய்வாக இருக்கும்போது இந்த வித்தியாசம் பொதுவாகக் கூடுதலாகவும், உடல் முறுக்கேறி இருக்கும்போது குறைவாகவும் இருக்கும். அதிலிருந்து ஊகித்து ஒரு எண்ணைத் தருகிறார்கள். முந்தைய இரவு சரியாகத் தூங்காவிட்டாலும் அந்த எண் மாறும். காய்ச்சல் வரப்போகிறது என்றாலும், மது அருந்தியிருந்தாலும், மாடிப்படி ஏறி வந்தாலும் மாறும். பதவி உயர்வுச் செய்தி வந்த சந்தோஷத்திலும் மாறும். கைக்குழந்தை வைத்திருக்கும் ஊழியருக்கு டாஷ்போர்டில் மாதம் முழுக்கச் சிவப்பு எரியலாம், அதற்கு உங்கள் எம்.டி. என்ன செய்யப் போகிறார்?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்ட்ரெஸ் என்ற கருத்தே பிறந்த கதையில் இந்தக் குறை அடங்கியிருக்கிறது. 1936இல் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் எலிகளுக்கு வெவ்வேறு துன்பங்கள் கொடுத்துப் பார்த்தார். குளிரில் வைத்தார், அறுவைக் காயம் ஏற்படுத்தினார், அளவுக்கு மீறி ஓடவைத்தார், நச்சுப் பொருள்களை ஊசியில் ஏற்றினார். துன்பம் வேறு வேறாக இருந்தும் உள்ளே நடந்தது ஒன்றுதான். அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. காரணம் எதுவானாலும் உடல் ஒரே பாட்டைப் பாடுகிறது என்பதே அவருடைய கண்டுபிடிப்பு. உடலை மட்டும் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போவதும் அதனால்தான். உங்களுக்குத் தேவைப்படுவதோ காரணம். ஒன்பது பேர் டென்ஷனாக இருந்தார்கள் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதைச் சொல்ல 140 வாட்ச் எதற்கு?

அடுத்தது, கண்காணிப்பே ஒரு பாரம். என் நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று என் மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு யாரையும் அமைதிப்படுத்தியதாக நான் பார்த்ததில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் ஆலோசனைக்குப் போயிருந்தேன். அங்கே தினமும் வேலை முடித்துக் கிளம்பும்போது ஒரு திரையில் சிரித்த முகம், சாதா முகம், அழுகிற முகம் மூன்றில் ஒன்றை அழுத்த வேண்டும். எப்போது பார்த்தாலும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சிரிப்புதான், நிர்வாகத்துக்குப் பரம திருப்தி. அதே நிறுவனத்தில் ஆட்கள் வரிசையாக வேலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு இளைஞரிடம் கேட்டேன். "சிரிச்ச மூஞ்சிய அமுக்கினா நேரா வீட்டுக்குப் போலாம் சார். அழுற மூஞ்சிய அமுக்கினா மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசுவாரு" என்றார். உங்கள் டாஷ்போர்டிலும் அதே மேனேஜர்தான் கூப்பிட்டுப் பேசப் போகிறார். வாட்ச் சார்ஜ் இல்லை, மறந்துட்டேன், கையில அரிக்குது என்று சாக்குகள் ஒரு மாதத்தில் வந்துவிடும்.

எம்.டி.யிடம் சொல்ல உங்களுக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் ஜப்பானில் இருக்கிறது. அளவுக்கு மீறிய வேலையால் சாவதற்கென்றே "கரோஷி" என்று தனிச்சொல் புழங்கும் நாடு அது. அங்கே 2015 டிசம்பர் முதல் 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஸ்ட்ரெஸ் பரிசோதனை நடத்துவது சட்டப்படி கட்டாயம். அது ஒரு கேள்வித்தாள், வழக்கமாக 57 கேள்விகள். முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. ஒவ்வொருவரின் முடிவும் அவரவர் கைக்கே போகும், அவர் சம்மதிக்காமல் முதலாளிக்குத் தரக் கூடாது. அழுத்தம் அதிகம் என்று வந்தவர் விரும்பினால் மருத்துவரைச் சந்திக்க ஏற்பாடு கேட்கலாம். நிறுவனத்தின் பார்வைக்குக் கூட்டமாகச் சேர்த்த முடிவுகள் போகும். தனி ஆளின் மனம் அவருக்கே சொந்தம், வேலையிடத்தின் நிலைமைதான் நிறுவனத்தின் கவலை என்று கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இன்னொரு பக்கமிருந்து வந்தது. உடல் அடையாளங்களை வைத்துப் பணியாளர்களின் உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு, மருத்துவமும் பாதுகாப்பும் நீங்கலாக, 2025 பிப்ரவரி முதல் அங்கே தடை.

சரி, வாட்ச் வேண்டாம் என்றால் எதைத்தான் அளப்பது? வேலையை அளங்கள்.

1979இல் ராபர்ட் கராசெக் என்பவர் ஒரு எளிய கருத்தை முன்வைத்தார். வேலைப் பளு எவ்வளவு என்பது பாதிக் கதை. அந்த வேலையை எப்படி, எந்த வரிசையில், எந்த வேகத்தில் செய்வது என்று தீர்மானிக்கிற உரிமை செய்பவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது மீதிக் கதை. பளு அதிகம், உரிமையும் அதிகம் என்றால் ஆள் களைத்துப்போவார், ஆனால் பெரும்பாலும் உடைந்து போக மாட்டார். பளு அதிகம், உரிமை குறைவு என்றால்தான் ஆபத்து. பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தான் டென்ஷனால் மாரடைப்பு வரும் என்று நாம் பேசிக்கொள்வோம் அல்லவா? லண்டனில் அரசு அலுவலர்களை வைத்து 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. கடைநிலையில் இருந்தவர்களுக்கு இதய நோயால் இறக்கும் அபாயம், உச்சத்தில் இருந்தவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், வேலையின் மேல் பிடி இல்லாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வருவது தெரிந்தது.

இதை உங்கள் சப்போர்ட் பிரிவுக்குப் பொருத்திப் பாருங்கள். கஸ்டமர் கத்துகிறார். கத்துவது அந்த வேலையோடு பிறந்தது, அதற்குத் தயாராகித்தான் வருகிறார்கள். ஆனால் தப்பு கம்பெனி மேல் என்று தெரிந்தும் பணத்தைத் திருப்பித் தர அதிகாரமில்லை, "நோட் பண்ணிக்கிட்டேன் சார்" என்பதையே நாலாவது தடவையாகச் சொல்ல வேண்டும், போனை வைத்த மறு நொடியே அடுத்த போன், எழுந்து போகவும் அனுமதி கேட்க வேண்டும் என்றால்? ஆட்களை உடைப்பது அதுதான். கத்தலைத் தாங்குவதற்குத் தியான வகுப்பு வைப்பதைவிட, குறிப்பிட்ட தொகை வரை தாங்களாகவே திருப்பித் தரலாம் என்று ஓர் அதிகாரம் கொடுத்தால் கத்தலே பாதி குறையும்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு நிர்வாகம் 2004இல் வகுத்த ஆறு தலைப்புகள் கைகொடுக்கும். பளு, வேலையின் மேல் பிடி, ஆதரவு, உறவுகள், தெளிவான பொறுப்பு, மாற்றங்களைக் கையாளும் விதம். சப்போர்ட் பிரிவில் முதல் இரண்டில் பிரச்சினை என்று ஊகிக்கிறேன். கிடங்கில் அது பொறுப்புக் குழப்பமாக இருக்கலாம், கணக்குப் பிரிவில் மாத முடிவின் நெருக்கடியாக இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே மருந்து இல்லை.

கேள்வித்தாள் அச்சடிக்கும் முன், உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே கிடப்பதைத் தோண்டுங்கள். எந்த டீமில், எந்த மாதத்தில் ராஜினாமாக்கள் குவிந்தன? அதற்கு முந்தைய மாதம் அங்கே என்ன மாறியது? ஒற்றை நாள் லீவுகள் எந்த ஷிஃப்டில் கூடியிருக்கின்றன? எடுக்காத லீவ் யாரிடம் மலையாகக் கிடக்கிறது? ஓவர்டைம் எவ்வளவு? வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணிப்பு சொல்கிறது. இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் கூடுதல். உங்கள் டீம் லீடின் வாரக் கணக்கைக் கூட்டிப் பாருங்களேன். இதையெல்லாம் டீம் வாரியாகப் பாருங்கள், ஆள் வாரியாகத் துருவ ஆரம்பித்தால் அதுவும் வாட்சாகிவிடும். ஒரு எச்சரிக்கை: லீவே எடுக்காத டீம் ஆரோக்கியமான டீம் என்று நினைத்துவிடாதீர்கள். காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பிறகு சர்வே. இதில் தமிழில் கேட்பவர்களுக்கென்று ஒரு பொறி இருக்கிறது, நானே அதில் விழுந்திருக்கிறேன். "உங்களுக்கு மன அழுத்தம் உண்டா?" என்று ஒருமுறை ஒரு தாளில் அடித்துக் கொடுத்தேன். பெரும்பாலானவர்கள் இல்லை என்று டிக் செய்தார்கள். அதே ஆட்கள் தேநீர் நேரத்தில், "ஒரே டென்ஷன் சார், தலை வெடிக்குது" என்றார்கள். நம் பத்திரிகைகள் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் மன அழுத்தம் என்று எழுதுகின்றன, மனச்சோர்வு நோய்க்கும் மன அழுத்தம் என்றே எழுதுகின்றன. தாளில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் "எனக்கென்ன பைத்தியமா?" என்று பேனா தானாகவே "இல்லை" பக்கம் போய்விடுகிறது. டென்ஷன் என்றால் யாரும் கூச்சப்படுவதில்லை.

இரண்டையும் விட்டுவிட்டு வேலையைப் பற்றியே கேளுங்கள். "கடந்த நாலு வாரத்தில், அன்றைய வேலையை அன்றைக்கே முடிக்க முடியாமல் போனது எத்தனை நாள்?" "ஒரே வேலைக்கு இரண்டு பேர் இரண்டு விதமாக உத்தரவு போட்டது உண்டா?" "வேலை முடிந்து போன பிறகும் அலுவலக மெசேஜுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது எத்தனை முறை?" "தப்பு நடந்தால் உங்கள் லீடிடம் பயமில்லாமல் சொல்ல முடியுமா?" "உங்கள் வேலையில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?" இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் எழுத இடம் விடுங்கள். மற்ற கேள்விகள் எல்லாம் சேர்ந்து தருவதைவிட அதிக விஷயம் அதில் கிடைக்கும் என்பது என் அனுபவம். பத்துப் பன்னிரண்டு கேள்விக்கு மேல் போக வேண்டாம்.

பெயர் கேட்காவிட்டால் ரகசியம் என்று அர்த்தமில்லை. பிரிவு, வயது, ஆணா பெண்ணா, எந்த ஆண்டு சேர்ந்தீர்கள் என்று நாலு கட்டம் போட்டாலே, கிடங்கில் வேலை செய்யும் ஒரே பெண் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிரிவை மட்டும் கேளுங்கள். பத்துப் பேருக்குக் குறைவான குழுவின் முடிவைத் தனியாகக் காட்டாதீர்கள், பக்கத்துக் குழுவோடு சேர்த்துவிடுங்கள். கையெழுத்தில் எழுதிய தாள்களை டீம் லீடுகள் வாங்கிச் சேகரிப்பது என்ற ஏற்பாடு மட்டும் வேண்டவே வேண்டாம்.

சர்வே முடிந்த மூன்று வாரத்துக்குள் முடிவை எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். சங்கடமான முடிவையும்தான். எதை மாற்றப் போகிறீர்கள், எதை மாற்ற முடியாது, ஏன் முடியாது என்று சொல்லுங்கள். எதையும் மாற்ற எம்.டி. தயாராக இல்லை என்றால் சர்வேயே நடத்தாதீர்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது கேட்காமல் இருப்பதைவிட மோசம், அடுத்த முறை எல்லோரும் சிரிச்ச மூஞ்சியை அமுக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

எம்.டி.யிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியது ஒன்று உண்டு. உண்மையாகவே ஆட்கள் பேச ஆரம்பித்தால் முதல் சில மாதங்களில் புகார் கூடும். எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996இல் எழுதினார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனார். பதிவான தவறுகள் நல்ல குழுக்களில்தான் கூடுதலாக இருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்ததனால் அல்ல, செய்ததை மறைக்காமல் சொன்னதனால் என்பது பிறகு புரிந்தது. இதை முதலிலேயே சொல்லி வைக்காவிட்டால், புகார் ஏறும் வரைபடத்தைப் பார்த்து, "நீங்க ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் மோசமாயிடுச்சு" என்று உங்கள் மேலேயே வந்து நிற்பார்.

தியான வகுப்பு? வைக்கட்டும். தியானம், மூச்சுப் பயிற்சி, கவுன்சிலிங் எதற்கும் நான் எதிரியில்லை, சொல்லப்போனால் கவுன்சிலிங்கால்தான் என் பிழைப்பே நடக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்துவிட்டு வேலையைத் தொடாமல் விடுவதில் பெரிதாகப் பலன் ஒன்றும் இல்லை. பிரிட்டனில் 233 நிறுவனங்களில் 46,336 ஊழியர்களின் தரவுகளை வைத்து வில்லியம் ஃபிளெமிங் என்ற ஆய்வாளர் 2024இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட தனிநபர் திட்டங்களில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. தன்னார்வப் பணிக்கு வாய்ப்புக் கொடுத்தது ஒன்றுதான் விதிவிலக்காகக் கொஞ்சம் பலன் காட்டியது. பர்ன்அவுட் என்பதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் எப்படி வைத்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அது நோய் அல்ல, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வரும் நிலை என்கிறது. ஆற்றல் வற்றிப்போவது, வேலையின் மேல் கசப்பும் விலகலும் வருவது, செயல்திறன் குறைவது என்று மூன்று அடையாளங்களையும் சொல்கிறது. உங்கள் டீம் லீடைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள்.

மாத வகுப்புக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை டீம் லீடுகளுக்கான பயிற்சிக்குக் கொடுங்கள் என்பேன். டீமில் ஒருவர் சுருங்கிப் போவதை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான், வாட்சைவிட முன்னாலேயே பார்த்துவிடுவார்கள். பார்த்த பிறகு என்ன பேசுவது என்றுதான் அவர்களுக்குத் தெரிவதில்லை. மேலாளர்களுக்கு இந்தப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது.

இத்தனையையும் கொண்டுபோய் எம்.டி. மேசையில் கொட்ட வேண்டாம். நல்ல எண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னவர், அதைத் தப்பு என்று நீங்கள் நிரூபிக்கப் புறப்பட்டால் இறுகிவிடுவார். "நீங்க சொன்னது சரி சார், இதை அளந்துதான் ஆகணும். முதல்ல சப்போர்ட் டீமோட வேலையை மூணு மாசம் அளந்து பார்ப்போம், வாட்ச் முடிவை அதுக்கப்புறம் எடுக்கலாம்" என்று போங்கள். கையில் ஒரே ஒரு பக்கம் வைத்திருங்கள். ஒன்பது பேருக்குப் பதில் ஆள் தேடியது, பயிற்சி கொடுத்தது, அதுவரை மற்றவர்கள் செய்த ஓவர்டைம் எல்லாவற்றுக்கும் ஆன செலவு மேல் பாதியில். நீங்கள் முயன்று பார்க்க விரும்பும் இரண்டே மாற்றங்கள் கீழ்ப் பாதியில். இரண்டு போன் அழைப்புகளுக்கு நடுவே இடைவெளி, பணம் திருப்பித் தரும் அதிகாரம் என்று நான் ஊகித்ததையே எழுதிவிடாதீர்கள். என் ஊகம் தப்பாக இருக்கலாம். சப்போர்ட் பிரிவு ஆட்கள் சொல்வதை எழுதுங்கள்.

அப்படியும் வாட்ச் வாங்கியே தீருவேன் என்றால், விரும்புகிறவர் மட்டும் வாங்கிக்கொள்ளட்டும், தரவு அவரவர் போனோடு நிற்கட்டும், டாஷ்போர்டு கிடையாது என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அந்த அளவில் அது ஒரு நல்ல பரிசுப் பொருள்.

உங்கள் மின்னஞ்சல் என் பெட்டிக்கு வந்த நேரம் இரவு 1.47. போன ஒன்பது பேரும் கடைசியாக உட்கார்ந்து பேசிவிட்டுப் போனது உங்கள் முன்னால்தான். அதையெல்லாம் கேட்ட நீங்கள் யாரிடம் போய்ப் பேசுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அலுவலகத்துக்கு வெளியே, உங்களுக்குச் சம்பளம் தராத, உங்களிடம் லீவ் கேட்காத ஒருவராக அவர் இருந்தால் நல்லது. தேவைப்பட்டால் என் துறையைச் சேர்ந்த ஒருவராகவும் இருக்கலாம். டீம் லீடிடம் பேசும் நாளில், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு வேறு மீட்டிங் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு அந்த நேரம் தேவைப்படாவிட்டாலும் உங்களுக்குத் தேவைப்படும்.